கொட்டேஷன் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டோம். முதலில் வந்த இருவரும் டேப்பை நீட்டி அளந்தார்கள், சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் வயதான கொத்தனார். அவர் அளக்கவே இல்லை. கரணையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் காம்பால் சுவரை இரண்டடிக்கு ஒருதரம் தட்டிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தார். சில இடங்களில் கெட்டியான சத்தம். சில இடங்களில் காலிப் பானையைத் தட்டியதுபோல. தரையிலிருந்து நான்கடி உயரம் வரைக்கும் ஏறக்குறைய எல்லாமே காலிப் பானைதான்.

“உள்ள சுண்ணாம்பு, மேல சிமென்ட்டு. நடுவுல யாரோ கை வச்சிருக்காங்க தம்பி. பிரிச்சுப் பாக்காம ரேட்டு சொன்னா அது பொய்” என்றார்.

நடுவில் கை வைத்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான். பல வருஷங்களுக்கு முன், சுவர் உப்புப் பொரிகிறது என்று கீழே நான்கடிக்குச் சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பழைய வீட்டில் கை வைக்கிறவர்கள் முதலில் கேட்பது ‘எவ்வளவு ஆகும்?’ என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ‘இது எதனால் கட்டிய வீடு?’ என்ற கேள்வி. செலவு, காலம், ஆபத்து, எந்த ஆளைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தவை. தமிழ்நாட்டில் ‘பழைய வீடு’ என்று ஒரே பெயரில் அழைப்பவை உண்மையில் ஒரே சாதி வீடுகள் அல்ல.

கொஞ்சம் கதை சொன்னால் இது புரியும். இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1904இல் நடந்தது, அதுவும் சென்னையில். அது ஓடவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில்தான் உற்பத்தி நிலைபெற்றது. தமிழ்நாட்டில் மதுக்கரையில் 1930களிலும், திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் 1949இலும் ஆலைகள் வந்தன. அதனால் சுதந்திரத்துக்கு முன் கட்டிய சாதாரண வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த செங்கல் சுவர், மர உத்திரம், மேலே ஓடு அல்லது மச்சு (மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை). அப்புறம் வந்தது பர்மிட் காலம். சிமென்ட்டின் விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982இல்தான் பாதி தளர்ந்தது, 1989இல் முழுக்க விலக்கினார்கள். அதுவரை மூட்டைக்காக மனுப் போட்டுக் காத்திருந்து, கிடைத்ததை மிச்சம் பிடித்துக் கட்டிய வீடுகள் ஏராளம். ‘பர்மிட் சிமென்ட்’ என்ற சொல் தெரிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இவை இரண்டுக்கும் நடுவே, சுண்ணாம்பு வீட்டின் பின்கட்டை இடித்துக் கான்கிரீட் அறை சேர்த்த கலப்பு வீடுகளும் உண்டு. எங்களுடையது அந்த ரகம்.

சுண்ணாம்பு வீடு: தண்ணீரை உள்ளே பூட்டாதீர்கள்

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தால், அது காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். வருஷக்கணக்கில் நடக்கிற வேலை இது. இப்படி ஆன சாந்துக்கு இரண்டு குணங்கள். ஒன்று, செங்கல் சற்று அசைந்தாலும் சேர்ந்து அசையும். இன்னொன்று, நுண்துளைகள் வழியாக ஈரத்தை உள்வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும்.

அந்தக் கால வீடுகளில் பெரும்பாலும் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணிலுள்ள ஈரம் திரி வழியாக எண்ணெய் ஏறுவதுபோலச் சுவரில் ஏறும். ஏறட்டும் என்றுதான் கட்டியவர்கள் விட்டிருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடித்த மேற்பரப்பும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் அழகுக்காக மட்டுமல்ல. உப்பில் கெட்டுப்போன மேல்தோல் போய்ப் புதுத்தோல் வரும்.

இந்தச் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். நான்கடிக்குப் பூசினால் ஐந்தடியில் போய்ப் பொரியும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, இறுகி, பூச்சை அப்பளம்போல உப்ப வைக்கும். அதை மறைக்கச் சுவரில் டைல்ஸ் ஒட்டுவார்கள், அப்போது இன்னும் மேலே ஏறும். கூடவே தரையில் பெரிய விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டால், தரை வழியே ஆவியாகிக்கொண்டிருந்த ஈரமும் சுவரைத் தேடிப் போகும். தரை மாற்றிய மறு மழைக்காலத்தில் சுவர் கெட்டது என்று பலர் சொல்வார்கள். தரைக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஆச்சரியமும் படுவார்கள். சம்பந்தம் இதுதான்.

எங்கள் கூடத்தில் அந்தச் சிமென்ட் பூச்சைப் பெயர்த்தபோது பலகை பலகையாகத்தான் வந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று உப்பு, ஒரு விரல் கனத்துக்குச் செங்கல் பொடி. செங்கல்லைக் கட்டைவிரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. சிமென்ட் கெட்டியாக நின்றிருக்கிறது, அது காப்பாற்றுவதாக நாங்கள் நம்பிய செங்கல்தான் கரைந்திருக்கிறது.

இதற்கு மருந்து அவசரப்படாமல் இருப்பதுதான். சிமென்ட் பூச்சை முழுக்க எடுத்துவிட்டு, கரைந்த செங்கல்லை மட்டும் மாற்றி, சுவரை ஒரு கோடை முழுக்க மொட்டையாகக் காயவிட வேண்டும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை அல்லது காற்று புகும் பெயின்ட். சுவருக்குள் மருந்து செலுத்தி ஓதத்தைத் தடுக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் சுவரோரம் தண்ணீர் தேங்குவதையும் கொல்லைக் குழாய் ஒழுகுவதையும் சரிசெய்யாமல் மருந்துக்குச் செலவழிப்பது வீண் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் பாதி ஈரத்துக்குக் காரணம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உடைந்துகிடந்த ஒரு சாக்கடைக் குழாய்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பதுதான் சிரமம். காரைக்குடிப் பக்கமும் புதுச்சேரியிலும் கிடைக்கிறார்கள். கோயில் திருப்பணியில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் விசாரியுங்கள். அவர்கள் கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், வெல்லம் என்று கேட்டால் சிரிக்க வேண்டாம். கலவையின் இழுவைக்கும் பிடிப்புக்கும் அவை உதவுகின்றன. சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்கவே நாள்கணக்கில் ஆகும். நேற்றுக் கொண்டுவந்து இன்று பூசினால், நீறாமல் தங்கிய துணுக்கு சுவரில் போய் நீறி, அம்மைக் கொப்புளம்போல வெடிக்கும்.

மச்சும் மரமும்

‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர்பெற்ற கூரை இந்த வீடுகளின் தனி அழகு. உத்திரத்தின் மேல் நெருக்கமாக மரச்சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்பில் செங்குத்தாக, சாய்கோணத்தில் நெருக்கி வைத்த அடுக்கு, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கிய சுருக்கி, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. கம்பியே இல்லாத கூரை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் சாதாரணமாக நிற்கும்.

இதில் கெடுவது எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடம்தான், சுவருக்குள் புதைந்திருக்கும் மரத்தின் முனை. மேலே தட்டோட்டின் இடுக்கில் விரிசல், அல்லது கைப்பிடிச் சுவரோரம் அரசங்கன்று. அந்த வழியாக இறங்கும் தண்ணீர் சுவரில் தங்கி, உத்திரத்தின் முனையைக் குளிக்கவைத்துக்கொண்டே இருக்கும். நடுப்பகுதி தேக்கு பளபளவென்று இருக்க, முனை மட்டும் ரொட்டித்தூளாக இருக்கும். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த உத்திரத்துக்கு உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

எல்லா உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. முனை மட்டும் போயிருந்தால் அந்தப் பகுதியை அறுத்துவிட்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே புது மரத்தைச் சேர்த்துப் போல்ட் போடலாம். இல்லையென்றால் சுவரோரம் ஒரு இரும்பு ஐ செக்‌ஷனை ஓடவிட்டுத் தாங்கச் செய்யலாம். செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ஒழுகுகிறது என்று மேலே மூன்று அங்குலம் சிமென்ட் கான்கிரீட் கொட்டுவார்கள். மரத்தின் மேல் பாரமும் ஏறும், கீழே தங்கிய ஈரம் காய வழியும் அடைபடும். 2014 நவம்பரில் மழைக்கு நடுவே இடிந்து விழுந்த புதுச்சேரி மேரி கட்டடத்தைப் பலரும் நினைவு வைத்திருப்பார்கள். 1870களைச் சேர்ந்த நகர மண்டபம் அது. அப்புறம் அதே இடத்தில் அதே தோற்றத்தில் மறுபடி கட்டினார்கள். அப்படி ஒரு கட்டடம் ஒரு நாள் மழையில் விழுவதில்லை. வருஷக்கணக்கில் பராமரிப்பு இல்லாமல் கிடந்ததைக் கடைசி மழை முடித்துவைக்கிறது, அவ்வளவுதான்.

கரையானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலைக்கதவின் அடியில் மண்கோடு தெரிந்தால் அதைச் சுரண்டிவிட்டு வார்னிஷ் அடிப்பது நம் வழக்கம். கரையானின் இருப்பிடம் மண்ணுக்குள். சுவரோரத் தரையில் ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்து விடுவதுதான் முறை. கட்டி முடித்த கட்டடத்துக்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் தனிப் பகுதி இருக்கிறது, ஐ.எஸ். 6313இன் மூன்றாம் பகுதி. இதைத் தரை போடுவதற்கு முன் செய்துவிட வேண்டும். புது டைல்ஸ் போட்ட பிறகு துளை போட யாருக்கும் மனம் வராது.

தாழ்வாரத்து மங்களூர் ஓட்டை மாற்றுவதாக இருந்தால் ஒரு சின்னத் தந்திரம். ஒரு கம்பெனியின் ஓடு இன்னொன்றின் காடியில் சரியாக உட்காராது. நல்ல பழைய ஓடுகளை எல்லாம் ஒரு சரிவுக்கு ஒதுக்கிவிட்டு, புது ஓடு முழுவதையும் மறு சரிவுக்குப் போடுங்கள்.

முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுவதும் இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. குரங்கு, திருடன், மழைச்சாரல், எல்லாம் நியாயமான பயம். ஆனால் சூடான காற்று வெளியேறும் வாசல் அதுதான். கம்பி வலை போடுங்கள். ஷீட்டுதான் வேண்டும் என்றால் நாலு பக்கமும் ஒன்றரை அடி இடைவெளி விட்டுத் தூக்கிப் போடுங்கள். அடைத்துவிட்டு ஏசி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பர்மிட் காலத்துக் கான்கிரீட்

1960 முதல் 1980கள் வரை கட்டிய மாடி வீடுகளின் நோய் முற்றிலும் வேறு. அக்காவின் வீடு சென்னையில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தெருவில். ஒரு நாள் சமையலறைக் கூரையிலிருந்து தோசைக்கல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து, அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. மேலே பார்த்தால் பழுப்பு நிறத்தில் கம்பிகள் தெரிந்தன.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே கம்பி துருப்பிடிக்காது. வருஷம் ஆக ஆகக் காற்றிலுள்ள கரியமில வாயு மேலிருந்து உள்ளே புகுந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். சுண்ணாம்பைக் கல்லாக்கிய அதே வாயு இங்கே எதிரி. அது கம்பியை எட்டியதும் துரு தொடங்கும். கடலோரத்தில் உப்புக்காற்றும், கட்டும்போது கலந்த உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். துரு, அது தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் பிடிக்கும். உள்ளே வீங்கும்போது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அக்கா வீட்டில் கம்பிக்குக் கீழே இருந்த கான்கிரீட் ஒரு சுண்டுவிரல் கனம்கூட இல்லை. அந்தக் காலத்தில் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை, வைத்துக் கம்பி கட்டியவர்கள் குறைவு. அப்போது புழக்கத்திலிருந்த முறுக்குக் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கிற ரகம்.

வழக்கமாக என்ன செய்வார்கள்? உடைந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பி, பட்டி பார்த்து, வெள்ளையடிப்பார்கள். அக்காவும் ஒருதரம் அதைச் செய்தாள். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஒழுங்கான வேலை என்றால், அந்தக் கூரை முழுவதையும் சுத்தியால் தட்டிப் பார்த்து, காலிச் சத்தம் கேட்கும் இடத்தையெல்லாம் கம்பியின் பின்பக்கம் வரைக்கும் கொத்தி எடுக்க வேண்டும். துருவை முழுக்கத் தேய்த்து, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத் தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கீழே முட்டுக் கொடுக்காமல் இதைத் தொடக்கூடாது. அதோடு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் மாடிக் கழிவறை, தண்ணீர்த் தொட்டி, அல்லது சரிவு இல்லாத மொட்டைமாடி. சன்ஷேடு, பால்கனி, போர்ட்டிகோ இவை மூன்றும் அந்தரத்தில் நிற்பவை என்பதால் முதலில் இவற்றைப் பாருங்கள். கம்பி பாதிக்கு மேல் போய்விட்டது என்றால், பழுது பார்ப்பதைவிட அந்தப் பகுதியை இடிப்பதே மேல். இந்த முடிவை மேஸ்திரியிடம் விடாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்பது நல்லது. அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் மொத்தச் செலவில் சின்னத் தொகைதான்.

எந்தச் சுவரை எடுக்கலாம்?

இரண்டு ரக வீடுகளுக்கும் பொதுவான ஆசை, ‘இந்தச் சுவரை எடுத்துவிட்டால் ஹால் பெரிதாகும்’ என்பது. இன்றைய வீடுகளில் தூண்களும் பீம்களும் பாரம் சுமக்கின்றன, சுவர் வெறும் திரை. பழைய வீட்டில் சுவர்தான் எல்லாம். சுண்ணாம்பு வீட்டுச் சுவர் ஒன்றரைக் கல், சில இடங்களில் இரண்டு கல் கனத்துக்கு இருப்பது சும்மா இல்லை. அரைக்கல் சுவர்தானே என்று நினைத்து எடுக்கப் போனால், மாடியில் அதற்கு நேர் மேலே இன்னொரு சுவர் உட்கார்ந்திருக்கும். எடுக்கவே முடியாது என்றில்லை. முட்டுக் கொடுத்து, மேலே இரும்பு பீம் செருகி, அது சுவரில் உட்காரும் இரண்டு இடத்திலும் கான்கிரீட் பெட் போட்டு எடுக்கலாம். ஆனால் அந்த ஒரு சுவரின் செலவு முழுத் தரையின் செலவை எட்டிவிடும்.

விரிசலைப் பார்த்துப் பயப்படுவதா, விடுவதா என்பதற்கும் ஒரு வழி உண்டு. மொட்டைமாடித் தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனை அகலமாக இருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். டெல்டாவின் களிமண்ணில் இது சகஜம். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட்டால் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழையும் ஒரு கோடையும் தாண்டிக் கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழசு. உடைந்திருந்தால் வீடு இன்னும் நகர்கிறது.

குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவருவது இன்னொரு பெரிய மாற்றம். தாத்தா காலத்தில் கழிவறை கொல்லைக் கடைசியில். இப்போது ஒவ்வொரு அறைக்கும் அட்டாச்டு வேண்டும். மரக்கூரையின் மேல் குளியலறை கட்டுவதைப் போன்ற வம்பு வேறில்லை. பழைய சுவரை ஒட்டி, ஆனால் அதில் சாயாமல், பின்பக்கம் தனித் தூண்களில் ஒரு சின்னக் கட்டடம் எழுப்பி, குளியலறைகளையும் தண்ணீர்த் தொட்டியையும் அதில் வைத்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி. பழசும் புதுசும் வேறு வேறு வேகத்தில் இறங்கும், ஒன்றோடு ஒன்றைக் கட்டிப்போட்டால் நடுவே பிளக்கும்.

வயரிங், குழாய், பெயின்ட்

வயரிங்கை ஒட்டுப்போடலாம் என்று எண்ணவே வேண்டாம், முழுக்க மாற்றுங்கள். சுவரில் அடித்த மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய ரப்பர் உறை வயர் நொறுங்கிப் போயிருக்கும். பல வீடுகளில் எர்த் கிடையாது, அல்லது பெயருக்கு இருக்கும். நாலு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோவுக்கு இழுத்த வயர் அது. இன்று ஒரு கீசர் மட்டும் 2,000 வாட், அதாவது 9 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட. ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, மோட்டார் எல்லாம் சேர்ந்தால் மும்முனை இணைப்பே தேவைப்படலாம். மின்வாரியத்தில் லோடு கூட்ட விண்ணப்பிப்பதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஈரச் சுவர் உள்ள வீட்டில் உயிரைக் காப்பது அதுதான். சுண்ணாம்புச் சுவரில் ஆழமாகக் காடி வெட்டுவதைவிட வயரைச் சுவரின் மேலாகவே பைப்பில் கொண்டுபோவது நல்லது. இப்போது அது ஃபேஷனும்கூட.

ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே துரு அடைத்துப் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சமிருக்கும். மாற்ற வேண்டியதுதான். கழிவுநீருக்குப் போட்ட பழைய மண் குழாய்களின் இணைப்பில் வேர் புகுந்திருக்கும், தோண்டிப் பாருங்கள்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது கவனம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் கதவு ஜன்னலைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூசி, தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஆபத்து. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை ஒரு வாரம் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைக்கவோ மெஷினால் அறுக்கவோ விடக்கூடாது. நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்க வேண்டும். அதன் நார்த் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது.

தெருவும் காகிதமும்

பழைய வீட்டின் பல தொல்லைகள் வீட்டுக்கு வெளியே தொடங்குபவை. ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதுத் தார். முன்பு இரண்டு படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது, ஆனால் அதற்குள் உயர்ந்தது உயர்ந்ததுதான். சென்னையில் நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை அடியில் வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். கெட்டியான செங்கல், சிமென்ட் சுவர் வீட்டில் அது நடக்கிறது. கரைந்த செங்கல்லும் மரக்கூரையும் உள்ள வீட்டைத் தூக்க நான் துணிய மாட்டேன். தரையை ஏற்றிக்கொண்டு, வாசலில் வடிகால் போடுவது பாதுகாப்பு. நிலைக்கதவின் உயரம் குறையும், உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும்.

பூச்சு, தரை, பெயின்ட் போன்ற உள்வேலைகளுக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. அறை சேர்த்தால், மாடி எழுப்பினால், அமைப்பை மாற்றினால் தேவை. 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதை வரையறுக்கின்றன. அக்ரகாரம்போல வீட்டுக்கு வீடு பொதுச்சுவர் உள்ள தெருக்களில் ஒரு விஷயத்தை இடிப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். முழுக்க இடித்துப் புதிதாகக் கட்டினால் இன்றைய விதிப்படி இடம் விட வேண்டிவரலாம், பழைய அளவில் வீடு கிடைக்காமலும் போகலாம். அந்தத் தெரு, வீடுகளை இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கட்ட அனுமதியுள்ள ‘தொடர் கட்டடப் பகுதி’யில் வருகிறதா என்பதில் இது அடங்கியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், மாமல்லபுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னும் கறார். 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பழுதுபார்க்க அனுமதி பெறலாம். இடித்துவிட்டால் திரும்பக் கட்ட முடியாது.

அப்புறம் பட்டா. தாத்தா பெயரிலேயே இருக்கும். வங்கியில் கடன் கேட்கப் போகும்போதுதான் பங்காளிகள் எத்தனை பேர், யார் கையெழுத்து வேண்டும் என்ற கணக்கு வரும். எங்களுக்குச் சுவர் காய்வதற்கு ஆன காலத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு அதிக காலம் ஆனது.

பணமும் நாளும்

சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்குப் பொருந்தும். பழைய வீட்டில், பிரித்துப் பார்க்காத எதற்கும் ஒட்டுமொத்த ரேட் பேசாதீர்கள். இடித்துப் பிரிக்கும் வேலையைத் தனியாக, நாள்கூலிக்கு, முதலில் செய்துவிட்டு, உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு அயிட்டம் வாரியாக ரேட் பேசலாம். எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் நூற்றுக்கு இருபத்தைந்து ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அனுபவம். அதில் கை வைக்காமல் முடித்தவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

திரும்ப வரும் பணமும் உண்டு. பர்மா தேக்குக் கதவு, தூண், உத்திரம், ஓடு, பழைய செங்கல் எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. பழைய மரத்துக்குக் காரைக்குடியில் கடைவீதியே உண்டு. ‘ரப்பீஸ் (இடிபாடு) அள்ளிக்கொண்டு போகிறேன், பழைய சாமான் எனக்கு’ என்று சொல்லும் ஆளிடம் ஒப்புக்கொள்வதற்கு முன், கழற்றும் ஒவ்வொன்றையும் எண்ணி எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் கழற்றியபோது பதினொன்றாக இருந்த ஜன்னல் கதவு ஜோடி, எண்ணியபோது ஒன்பதாக இருந்தது. யாரையும் கேட்க முடியவில்லை.

கூரை வேலையைத் தைக்குப் பிறகு தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடப் பாருங்கள். ஆடியில் ஆரம்பிக்க வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மாசியில் பூச்சைப் பெயர்த்தோம். சித்திரை, வைகாசி முழுக்கக் கூடத்துச் சுவர் செங்கல் தெரிய நின்றது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களெல்லாம் ‘வேலை நின்றுபோச்சா, பணம் பத்தலையா?’ என்று கேட்டார்கள். ஆவணியில் சுண்ணாம்பு பூசினோம். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கிழக்கு மூலையில், பழைய அரிசிக் குதிர் இருந்த இடத்தில் மட்டும், கார்த்திகையில் ஒரு கை அகலத்துக்கு உப்புப் பூக்கிறது. கொத்தனாரிடம் காட்டினேன். கரணைக் காம்பால் ஒருதரம் தட்டிப் பார்த்தார். கெட்டியான சத்தம். “விளக்கமாத்தால தட்டி விடுங்க தம்பி” என்றார்.